புறாப் பந்தயச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

ஓங்கோல், விஜயவாடா பந்தயங்கள் நடந்தன. பரிசளிப்பும் நடந்தது. நாக்பூர் நடக்கவில்லை.

விஜயவாடா முடிந்த பத்தாம் நாள், ஓர் உறுப்பினரின் மாடியில் சிவப்புப் பெட்டைப் புறா ஒன்று கம்பு தானியத்தைக் கொத்தப் போனால் அலகு அரை அங்குலம் தள்ளித் தரையில் இடித்தது. கழுத்து திருகி, கண் வானத்தைப் பார்த்தது. எச்சம் முழுக்கத் தண்ணீர். அவரோ "சூடு" என்று ஒரு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார். பந்தயத்துக்கு அதோடு அதே கூடையில் போன புறாக்கள் ஒன்பது வீடுகளில் இருந்தன.

பரிசோதிப்போம் என்றேன். "ரிப்போர்ட் வந்து என்ன, வைரஸுக்கு மருந்தா இருக்கு?" என்றார்கள். இல்லைதான். ஆனால் சால்மோனெல்லாவிலும் கழுத்து திருகும். அதற்கு மருந்து உண்டு.

முதல் தடவை தவறு என்னுடையது. செத்த புறாவை ஃபார்மலினில் போட்டுக் கொண்டுபோனேன்; அதில் வைரஸ் உயிரோடு இருக்காது. மறுமுறை, புதிதாக நோய் கண்ட ஐந்து புறாக்களின் தொண்டையிலும் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சி விட்டெடுத்து, ஆய்வகம் தந்த திரவக் குப்பிகளில் போட்டு, ஐஸ் பெட்டியோடு என் வண்டியிலேயே போனேன். ஆர்டி-பிசிஆரில் பாராமிக்ஸோ வைரஸ் என்று வந்தது. கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தரும் வைரஸின் புறா வகை. கரு வளரும் கோழிமுட்டையில் வைரஸை வளர்த்தும் பார்த்தார்கள். சோதனைத் தட்டில் அந்த முட்டை நீர் பட்ட குழியில் கோழி ரத்தம் படலமாக விரிந்திருந்தது; வைரஸ் ரத்த அணுக்களைப் பிணைத்ததால். வெள்ளைக்கழிச்சல் வைரஸைத் தடுக்கும் சீரமும் சேர்த்த குழியில் சிவப்புப் பொட்டாக அடியில் உட்கார்ந்திருந்தது; அதே வைரஸ்தான் என்று அர்த்தம். காட்டச் சொல்லிப் பார்த்தேன்.

ரத்தம் எடுத்தால் போதாதா என்றார் ஒருவர். தடுப்பூசி போட்ட புறாவிலும் எதிர்ப்பொருள் இருக்கும். இரண்டு மூன்று வார இடைவெளியில் இருமுறை எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறினால்தான் சேதி. யார் எப்போது ஊசி போட்டார் என்ற பதிவேடே நம்மிடம் கிடையாது.

தோற்றுவிடுவேன் என்றுதான் நாக்பூரை நிறுத்தினேனாம். அந்தக் கூடையில் என் புறாக்களும் போயின. பதினொன்று செத்தன.

வரவு செலவு பொருளாளரிடம் இருக்கிறது, ஏறக்குறைய சரி. பரிசோதனைக் கட்டணம் இப்போதைக்கு என் கைக்காசு. சந்தா பாக்கி இருபத்திரண்டு பேர். அதில் ஆறு பேர் ரிப்போர்ட்டை முதல் ஆளாகக் கேட்டு வாங்கியவர்கள். இன்று ஒருவரும் வரவில்லை.

ஆய்வகத்தாருக்கும், காசு வாங்காமல் ஐஸ் கொடுத்த மீன்கடைக்காரருக்கும் நன்றி.

அடுத்த பருவம் ஊசிச் சீட்டு இல்லாத புறாவைக் கூடையில் ஏற்றக்கூடாது என்று தீர்மானம் வைக்கிறேன். செயலாளர் பொறுப்பை வேறு யாரேனும் ஏற்றால் சந்தோஷமாகத் தருவேன். சந்தா கட்டியவர்தான் நிற்க முடியும் என்கிறது விதி. இந்த அறையில் அப்படி எட்டு பேர் இருக்கிறோம்.