தடைக்காலத்தில் வரும் பந்தய விளம்பரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஐபிஎல் சூடுபிடிப்பதும் அதே நாட்களில்தான். மண்டபம், பாம்பன், ராமேசுவரம், தொண்டி என்று எங்கும் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. பகலெல்லாம் வலை சீர்பார்த்த இளைஞர்கள் இரவு ஏழரைக்கு டிவி முன் உட்காருகிறார்கள். மீன் விற்ற பணத்தில் கிடைக்கும் பங்கு நின்றுபோன நேரம். வங்கிக் கணக்கில் இருப்பது தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் மட்டும். கிரிக்கெட்டில் பணம் கட்டவைக்கும் இணையப் பந்தயத் தளக்காரர்களுக்கு இதைவிட வாகான ஆள் கிடைக்கமாட்டார்.

பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். ஆனால் வெளிநாட்டுத் தளங்கள் நேர்வழியில் வருவதில்லை. பந்தயத் தளத்தின் பெயரோடு ‘நியூஸ்’ என்ற சொல்லை ஒட்டி, அதே சின்னம், அதே நிறத்தோடு செய்தித் தளம்போல் காட்டுவார்கள். மதுபானப் பெயரில் சோடா விற்கிற அதே வித்தைதான். தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 அக்டோபரிலேயே இதைச் சுட்டிக்காட்டித் தொலைக்காட்சிகளை எச்சரித்தது. விளம்பர இடைவேளையை மட்டும் கவனித்தாலும் போதாது. வெளிநாட்டு மைதானங்களில் எல்லைக்கோட்டுப் பலகையில் ஓடும் பெயர் பந்தோடு பந்தாக வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

பெயர் மனதில் பதிந்தவர் கைபேசியில் தேடுவார். ஒரு வாட்ஸ்அப் எண் கிடைக்கும். சில நூறு ரூபாய் கட்டினால் தளத்துக்குள் நுழைய ‘ஐடி’ வரும், கூடவே போனஸும் வரும். அந்த போனஸில்தான் கண்ணி இருக்கிறது. 500 ரூபாய் போனஸுக்குப் பத்து மடங்கு நிபந்தனை என்றால், 5,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்டி முடிக்கும்வரை அதைக் கையில் எடுக்க முடியாது. முன்பெல்லாம் யார் ஜெயிப்பார் என்று ஓர் இரவுக்கு ஒரே பந்தயம். இப்போது அடுத்த பந்து பவுண்டரியா, இந்த ஓவரில் எத்தனை ரன் என்று கட்டலாம். இரு அணியும் முழுதாக ஆடினால் 240 பந்து. விட்டதைப் பிடிக்கத் துடிப்பவருக்கு மூச்சுவிடக்கூட இடைவெளி கிடையாது. காலையில் மகளிர் குழுத் தவணைக்கு வைத்திருந்த பணம் இருக்காது.

கட்டும் பணம் போவது யாரோ ஒருவருடைய கணக்குக்கு. சில நாளுக்கொரு முறை அந்தக் கணக்கும் மாறும். கமிஷன் ஆசையில் கணக்கை வாடகைக்கு விடுகிற பையன்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: புகார் வந்தால் முதலில் முடங்குவது அவர்கள் கணக்குதான். நிவாரணத் தொகை வருவதும் அதே கணக்கு என்றால் அதுவும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

பணத்தைச் சுருட்டிக்கொண்டு தளம் மறைந்துவிட்டால் உடனே இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். பரிவர்த்தனையின் 12 இலக்க யுபிஐ எண், தேதி, தொகை மூன்றும் கையில் இருக்கட்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழியுண்டு. ஆனால் பலரும் வாய் திறப்பதில்லை. மத்தியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. 2022-இன் தமிழ்நாட்டுச் சட்டத்திலோ ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. ஏமாந்தவரைப் பயமுறுத்திப் பேசவிடாமல் செய்யும் இந்தப் பிரிவை அரசு நீக்க வேண்டும். அதுவரை, விட முடியாமல் தவிப்பவர்கள் 14416-ஐ அழைக்கட்டும். அது மனநல ஆலோசனை எண்; 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

டிவியில் இப்படியொரு விளம்பரம் கண்ணில் பட்டால் திட்டிவிட்டு விட்டுவிடக் கூடாது. ஸ்கோரும் தெரியும்படி திரையைப் படமெடுத்து, சேனல், தேதி, நேரம், எத்தனையாவது ஓவர் என்பதைக் குறித்து அந்தச் சேனலின் புகார் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். 15 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். ‘நேற்று ஏதோ ஓடியது’ என்று எழுதினால் நடவடிக்கை இருக்காது.

தடைக்காலத்தில் விசைப்படகுகளை மீன்வளத்துறை ஆய்வு செய்யும் நாளில் உரிமையாளர்களும் தொழிலாளர்களும் இறங்குதளத்தில் கூடுகிறார்கள். 1930, 14416 ஆகிய இரண்டு எண்களையும் அச்சிட்ட துண்டறிக்கையை அன்றைக்கே அங்கே கொடுக்கலாம். தங்கள் இதழும் அந்த இரண்டு மாதம் விளையாட்டுப் பக்கத்தில் ஸ்கோர் கட்டத்துக்கு அடியில் 14416-ஐ நாள்தோறும் வெளியிடக் கோருகிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.