படியில பாத்து இறங்கு

பாப்பா,

போன் பண்ணா ரெண்டு நிமிஷத்துல மீட்டிங் இருக்குப்பான்னு வச்சிடற, அதான் டைப் பண்றேன், உனக்கு எப்ப முடியுதோ அப்ப படி. அம்மாவுக்கு முட்டி பரவால்ல. பெரியத்தை விஷயம் ஒருவழியா முடிஞ்சிது, அத அம்மாவே சொல்லுவா, எனக்கு அதுல பேச விருப்பமில்ல.

நேத்து நீ அனுப்பின போட்டோ பாத்தேன். விடியற நேரம், சிட்னி கடலோரப் பாறையில கட்டின உன் வைலீஸ் பாத்ஸ் நீச்சல்குளம், தண்ணி ஆடாம கெடக்கு, மரப்பலகை மேல ஒரே ஒரு துண்டு. நல்லா இருந்துது. ஆனா இது ஜூலை, அங்க குளிர்காலம், தெக்கேருந்து அலை எழும்பி வர்ற சீசன், அந்த நேரத்துல தனியாவா போற? கூட யாரும் வர்றதில்லையா? சும்மாதான் கேக்கறேன். படியில பாத்து இறங்கு. கடைசி ரெண்டு படியில பாசி இருக்கும், நானே வழுக்கினேன், நீதான கைய புடிச்ச.

ரிட்டயர்டு இஞ்சினியருக்கு வேற என்ன வேல, வந்ததுலேருந்து அந்தக் குளத்தப் பத்தியே படிச்சிட்டிருக்கேன். அம்மா கேலி பண்றா, பொண்ணப் பாக்கப் போயிட்டு செவுத்தப் பாத்துட்டு வந்திருக்கீங்கன்னு. ஆனா அந்த செவுரு சாதாரண செவுரு இல்ல பாப்பா. ஹைடைட் வரும்போது கடல் அது மேல ஏறி உள்ள விழணும், லோடைட்ல அது வெளிய தெரியணும், அந்த அளவுல நிக்குது. சிட்னில ஏத்தத்துக்கும் எறக்கத்துக்கும் வித்தியாசம் ரெண்டு மீட்டர் கிட்டதான், அந்த ரெண்டு மீட்டர வச்சு பம்ப் இல்லாம தண்ணிய மாத்திக்கறான். எங்க டிபார்ட்மெண்ட்ல ஒருத்தனுக்கும் இது தோணியிருக்காது. ரிப்பேர் பண்றதுதான் கொடுமை, தண்ணி எறங்கியிருக்கற கொஞ்ச மணி நேரத்துலதான் வேல செய்ய முடியும், அப்பறம் கடல் வந்துடும். உப்பு உள்ள போய் கம்பி துருப்புடிச்சா பருமன் கூடும், உள்ளேருந்தே கான்கிரீட்ட பொளந்துடும், மேல பூசி மறைச்சா பிரயோஜனமில்ல, ஒடைச்சு எடுத்துட்டுதான் கட்டணும். இதுல இன்னொண்ணு, கடல் மட்டம் ஏறுதேன்னு செவுத்த ஒசத்திட்டா அலை உள்ள வராது, தண்ணி நாறிடும், குளம் தொட்டி ஆயிடும். ஒசத்தாம விட்டா அலை மனுஷன அடிச்சுட்டுப் போயிடும். இதுக்கு என்ன பண்ணுவாங்கன்னு ராத்திரி யோசிச்சிட்டு படுத்திருந்தேன். அலை செவுத்து மேல ஏறி விழற அன்னிக்கு நீ எறங்காத. மூடிட்டாங்கன்னா திரும்பி வந்துடு, ஒரு நாள் நீந்தலன்னா ஒண்ணும் ஆயிடாது.

அந்த ஊர்ல இந்த மாதிரி பாறை மேல கட்டின குளம் நூறு கிட்ட இருக்காம், நியூ சவுத் வேல்ஸ் கடற்கரை பூரா. நியூகாசில்ல ஒண்ணு 1819 வாக்குல கைதிகள வச்சே பாறைய வெட்டினது, அதிகாரி ஒருத்தர் குளிக்கறதுக்கு. சிட்னில ப்ரான்டே பீச்சுல இருக்கற குளம் 1887. நம்ம வைலீஸ் 1907. நம்மன்னு சொல்றேன் பாரு. ஹென்றி வைலின்னு ஒருத்தர், அவரே பெரிய நீச்சக்காரர், ரொம்ப தூரம் நீந்தறது, தண்ணிக்கடியில நீந்தறது எல்லாத்துலயும் பேரெடுத்தவர். ஆம்பளையும் பொம்பளையும் ஒரே குளத்துல எறங்கறதே தப்புன்னு இருந்த காலத்துல ரெண்டு பேருக்கும் சேத்து கட்டினவர். 1959ல வேற கைக்குப் போயி சன்ஸ்ட்ரிப்னு பேரே மாறிடுச்சு, 1978ல கவுன்சில் எடுத்து பழைய பேர வச்சாங்க, அப்பறம் 90கள்ல அந்த பலகைத்தளம் எல்லாத்தையும் திரும்ப எழுப்பினாங்க. இன்னிக்கு நீ துண்டு போட்டிருக்கியே, அந்தத் தளம்தான்.

அங்க ஒரு வெண்கலப் பொண்ணு நிக்குதே, நீ அது பக்கத்துல நிக்க வச்சு என்ன போட்டோ எடுத்தியே, அது அவர் பொண்ணு மினா. அப்பா குளம் கட்டும்போது அதுக்கு 16 வயசு. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸ்லதான் முதமுதல்ல பொம்பளைங்களுக்கு நீச்சல் போட்டி வச்சாங்க, 100 மீட்டர்ல ஃபேனி டூராக்குக்கு தங்கம், மினாவுக்கு வெள்ளி, ரெண்டு பேரும் ஆஸ்திரேலியாக்காரங்க. ரிலேக்கு நாலு பேர் வேணும், இருந்ததோ ரெண்டு பேர், ஆளுக்கு ரெண்டு தடவ நீந்தறோம்னு கேட்டுப் பாத்திருக்காங்க, முடியாதுன்னுட்டாங்க. கேக்கற தைரியத்தப் பாரு, உன்ன மாதிரி. அப்பறம் 42 வருஷம் ஒரு பெண்கள் பள்ளியில நீச்சல் சொல்லிக்குடுத்துச்சாம் அது.

ஆனா அந்த ரெண்டு பேரையும் ஒலிம்பிக்ஸுக்கு அனுப்பவே மாட்டோம்னு மொதல்ல சொன்னாங்க, தெரியுமா? ஆம்பளைங்க பாக்கற எடத்துல பொண்ணுங்க போட்டி போடக்கூடாதுன்னு ரூல். அந்த ரூல் போட்ட சங்கம் பொம்பளைங்க நீச்சல் சங்கம்தான். தலைவி ரோஸ் ஸ்காட்டு, பொம்பளைங்களுக்கு ஓட்டு வாங்கித் தரப் போராடினவங்க, ரூல மாத்தினதும் ராஜினாமா பண்ணிட்டாங்க. கெட்ட மனுஷி இல்ல. நல்லதுன்னு நெனச்சுதான் தடுத்தாங்க. ஊர்க்காரங்க சண்ட போட்டாங்க, செலவு உங்களதுன்னுட்டாங்க, வீட்டாளுங்க பணம் சேத்து மினாவ அனுப்பி வச்சாங்க.

இத படிச்சப்பறம் எனக்கு ரெண்டு நாள் சரியா தூக்கம் வரல.

மாப்ளைக்கு பொறந்தநாள் மெசேஜ் அனுப்பினேன், ரெண்டு டிக் வந்துது, பதில் வரல. பிஸியா இருப்பாரு. அதச் சொல்ல வரல. நான் சொல்ல வந்தது வேற.

அம்மாவும் நீயும் மெக்கைவர்ஸ் லேடீஸ் பாத்துக்குள்ள போனீங்களே, ஆம்பளைக்கு உள்ள எடமில்ல, நான் மேல பாதையில குடைய வச்சிட்டு உக்காந்திருந்தேன். வாழ்க்கையில மொத தடவ அம்மா கடல்ல எறங்கினா, அறுபத்திமூணு வயசுல, நைட்டியோட. நீங்க ரெண்டு பேரும் சிரிக்கற சத்தம் மேல வரைக்கும் கேட்டுது. வெளிய வரும்போது நீ காதுலேருந்து பஞ்ச எடுத்துக்கிட்டே, "என் காதுதான் உங்களுக்குத் தெரியுமேப்பா, டாக்டர் தண்ணி படக்கூடாதுன்னாரே"ன்னு சொன்ன. நான் குடைய மடிச்சேன்.

பாப்பா, எந்த டாக்டரும் அப்படிச் சொல்லல.

ஒம்பதாங்கிளாஸ்ல உன் பிடி டீச்சர் பாரம் குடுத்து விட்டாங்களே, மாவட்டப் போட்டிக்கு, நான் கையெழுத்து போடல. உனக்கு காதுவலி வந்தது நெஜம், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனது நெஜம், அவரு சொட்டு மருந்து எழுதிக் குடுத்து ஒரு வாரத்துல சரியாயிடும்னார், அவ்வளவுதான். நீ வெளிய பெஞ்சுல உக்காந்திருந்த. வர்ற வழியில நான் சொன்னதுதான் மீதியெல்லாம். நீச்சல் டிரஸ் போட்டு நாலு பேர் முன்னாடி நிக்கணுமே, உங்க சித்தப்பா என்ன சொல்லுவான், அத்த வீட்டுல என்ன பேசுவாங்கன்னு பயம். வேண்டாம்னு நேரா சொல்லியிருந்தா நீ எங்கிட்ட சண்ட போட்டிருப்ப, ஜெயிச்சும் இருப்ப, அதனால டாக்டர் மேல போட்டுட்டேன். சுரக்குடுக்கைய கட்டி தாத்தா கிணத்துல உனக்கு நீச்சல் பழக்கினவனும் நான்தான், அத நிறுத்தினவனும் நான்தான். நீ அழுவவே இல்ல. அதுக்கப்பறம் பஞ்ச வச்சுக்கிட்ட, இருபத்திரெண்டு வருஷமா வச்சுக்கிட்டே இருக்க.

உன் காதுல ஒண்ணும் இல்லடா.

கோவம் வந்தா கோவப்படு, போன்லயே திட்டு, நான் வைக்க மாட்டேன். அம்மாவுக்கு இது தெரியாது, நான் சொல்லிக்கறேன். நீயும் சில விஷயத்த சொல்ல முடியாம வச்சிருந்தா அது எங்கேருந்து வந்த பழக்கம்னு எனக்குத் தெரியும்.

படியில பாத்து இறங்கு. அப்பறம், போன வாரம் வீடியோல உன் பின்னாடி தெரிஞ்ச அந்த பச்ச செவுரு நல்லாதான் இருக்கு. அங்கேருந்து குளத்துக்கு நடந்தே போயிடலாமா?

அப்பா