ஆறு மணிப் பசி

கடத்தூர்
ஆனி 12

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி மருமகள் போனில் பேசினாள். உன் ஷிப்ட் பை முழுக்க சாக்லேட் தாளாகக் கிடக்கிறதாம். பாப்பாவுக்கு வாங்கி வைத்த கால் கிலோ மைசூர்பாக்கை நடுராத்திரியில் எழுந்து நீயே தின்றுவிட்டாயாம். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாயாம். அவள் கோபமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னாள். "குடிச்சுக்கிட்டு இருந்தப்ப இனிப்பு பக்கமே போகமாட்டாரே மாமா, இப்ப ஏன் இப்படி?" என்று கேட்டாள். இதை உன்னிடம் போனில் ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ குடியை விட்டு இன்றோடு 74 நாள். காலண்டரில் உன் அம்மா தினமும் பேனாவால் ஒரு புள்ளி வைக்கிறாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இந்த 74 நாளில் தின்ற இனிப்புக்காக நீ யார் முன்னாலும் தலைகுனிய வேண்டாம். எனக்கும் இதேதான் நடந்தது. அதை உன்னிடம் நான் இதுவரை சொன்னதில்லை.

நான் விட்டது 2012 மார்கழியில். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். பொங்கல் வெல்லத்துக்காக ஆலை ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருந்தது. காய்ந்த கரும்புச் சக்கையை அடுப்புக்குள் தள்ளுவது என் வேலை. சாறு கொதித்து, அழுக்கு நுரையை வழித்து எடுத்து, பதம் வந்ததும் பாகை மரத்தொட்டியில் கொட்டுவார்கள். தொட்டி ஓரத்தில் ஒட்டியது ஆறினால் ஜவ்வு மாதிரி இழுபடும். பதினைந்து வருஷம் அந்த வாசனையிலேயே நின்றவன் நான், அதைக் கண்டாலே திகட்டும். விட்ட ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, சாயங்காலம் ஆறு மணிக்கு என் கை தானாகத் தொட்டிக்குப் போனது. கரண்டியால் சுரண்டி ஒரு வாய். நாக்கு சுட்டது. இன்னொரு வாய். அப்புறம் ஓர் உருண்டையைத் துண்டில் முடிந்து வீட்டுக்கு எடுத்துவந்து, விளக்கை அணைத்த பிறகு இருட்டில் கடித்துத் தின்றேன். பிராந்தியை ஒளித்துக் குடித்த மாதிரியே வெல்லத்தையும் ஒளித்துத் தின்றேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன்.

அந்த நாட்களில் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, தூக்கமே இல்லை. டாக்டரிடம் போகாமல் நானாகவே விட்டது பெரிய தப்பு. வருஷக்கணக்காகக் குடித்தவன் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரும் என்று பின்னால்தான் தெரிந்தது. நீ பெங்களூரு நிமான்ஸ் ஆஸ்பத்திரியில் காட்டி, மாத்திரையோடு விட்டாய். அதில் நீ என்னைவிடப் புத்திசாலி.

மருமகள் கேட்டதற்கு வருகிறேன். பிராந்தியில் இருந்த சர்க்கரை நின்றுபோனதால்தான் இப்படி என்று சிலர் சொல்வார்கள். பிராந்தியில் சர்க்கரை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஆனால் ஆல்கஹாலிலேயே ஒரு கிராமுக்கு 7 கலோரி உண்டு. ஒரு குவார்ட்டரில் 400 கலோரிக்கு மேல் வரும். ஒரு பெரிய களி உருண்டை தருகிற அளவு. தினமும் அது உள்ளே போனதால் ராத்திரிச் சோறு உனக்குத் தேவைப்படவில்லை. இப்போது அது நின்றுவிட்டது. சோறு மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது. உடம்பு கேட்காமல் என்ன செய்யும்?

இன்னொன்று, சாப்பிடாத நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரை தயாரித்துக் கொடுப்பது கல்லீரல்தான். சாராயம் உள்ளே வந்தால் அந்த வேலையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதை எரிக்கப் போய்விடும். வெறும் வயிற்றில் குடித்தவன் மயங்கி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம் மூளை. குடிக்கும்போது 'அப்பாடா' என்று ஒரு சுகம் வருமே, இனிப்பும் அதே வழியாகத்தான் போய் அங்கே தட்டுகிறது. வழக்கமான கதவு சாத்தியிருப்பதால் பக்கத்துக் கதவைத் தட்டிப் பார்க்கிறது. உனக்குக் கேடுகெட்ட புத்தி ஒன்றும் வந்துவிடவில்லை. நாளாக ஆக இது அடங்கும். எனக்கு ஆறேழு மாதம் பிடித்தது.

அதனால் நான் சொல்வதை நன்றாகக் கேள். சாயங்காலம் நெஞ்சை அடைக்கிற மாதிரி அந்த நினைப்பு வந்து, பாட்டிலா மைசூர்பாக்கா என்று நின்றால், யோசிக்காமல் மைசூர்பாக்கை எடு. இந்த முதல் சில மாதத்துக்கு அதுதான் சரி. மருமகளிடமும் சொல்லிவிட்டேன், அந்தத் துண்டைக் கையில் இருந்து பிடுங்காதே என்று. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒளித்துத் தின்னாதே. தட்டில் வை, உட்கார், பாப்பாவுக்கும் ஒரு துண்டு கொடுத்துச் சாப்பிடு. இருட்டில் தின்கிறவனுக்கு எவ்வளவு தின்றோம் என்று தெரியாது. நான் அனுபவித்தவன்.

ஆனால் அந்த ஆறு மணிப் பசியில் பாதி, மத்தியானமே தொடங்குவது. நீ காலையில் டீயும் பிஸ்கட்டும், மத்தியானம் கேன்டீனில் வெறும் சாம்பார் சாதம் என்று ஓட்டுகிறாய். அரிசிச்சோறு மட்டும் தின்றால் மூன்று மணிக்கே வயிறு காலி. உன் அம்மாவிடம் கேழ்வரகு மாவு கொடுத்தனுப்புகிறேன். களி கிண்ட மருமகளுக்குத் தெரியும், ஆனால் அவசரத்தில் கட்டி விழவிட்டுவிடுகிறாள். நொய்யரிசி குழைய வெந்த பிறகு மாவைக் குவியலாக நடுவில் போட்டு, கிளறாமல் கொஞ்ச நேரம் வேகவிடச் சொல். அப்புறம் துடுப்பால் பாத்திரத்தோடு அழுத்திக் கிண்ட வேண்டும், அந்த வேலையை நீ செய். தொட்டுக்கொள்ளக் கொள்ளுக் கடைசலோ மொச்சைக்கொட்டைக் குழம்போ கீரையோ நிறைய வேண்டும். முட்டை இருந்தால் இன்னும் நல்லது. களி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்று நம் ஊரில் சொல்வது சரியில்லை. அதுவும் மாவுதான். கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும். பயறும் கீரையும் கூட இருந்தால்தான் பசி தாங்கும்.

ஐந்து மணிக்கே, பசி வருவதற்கு முன்னால், ஒரு கைப்பிடி வேகவைத்த கடலையோ சுண்டலோ சாப்பிட்டுவிடு. ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும்போது பிராந்திக் கடைகள் வழியில்தானே இருக்கின்றன. காலி வயிற்றோடு அந்தத் தெருவைக் கடக்காதே. நைட் ஷிப்டுக்குப் போகும்போது டப்பாவில் எடுத்துக்கொண்டு போ.

கலர் தண்ணீரை விட்டுவிடு. பாட்டிலை விட்டவர்கள் பலர் இந்தப் பாட்டிலைப் பிடித்துக்கொள்கிறார்கள். 250 மில்லி கோலாவில் ஏறக்குறைய 26 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்து டீஸ்பூன். ஒரு நாளைக்குச் சேர்க்கிற சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்கட்டும், 25 கிராம் என்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நீ குடிக்கிற நாலு டீயிலேயே அந்த 25 கிராமைத் தாண்டிவிடுகிறாய். டீயில் அரை ஸ்பூன் குறைத்தால் கொஞ்ச நாளில் நாக்கு பழகிவிடும். வெல்லம் போட்டுக்கொண்டால் பரவாயில்லை என்று நினைக்காதே. வெல்லம் காய்ச்சினவன் சொல்கிறேன், அதில் முக்கால் பங்குக்கு மேல் சர்க்கரைதான்.

நான் அதை நம்பித்தான் ஏமாந்தேன். அந்த ஆசை அடங்கிய பிறகும், வெல்லம் நல்லதுதானே என்று இரண்டு வருஷம் நிறுத்தாமல் தின்றேன். 2015ல் கால் புண் ஆறவில்லை என்று போனபோது வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 190 காட்டியது. வெல்லம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். உன் தாத்தாவுக்கும் சர்க்கரை இருந்தது, குடியும் தன் பங்கைச் செய்திருக்கும். அதனால் உனக்கும் வர வாய்ப்பு அதிகம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மூன்று மாதச் சராசரி காட்டுகிற அந்த ஹெச்பிஏ1சி டெஸ்டை எடுக்கச் சொல். 5.7க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 6.5 தொட்டால் சர்க்கரை வியாதி. கல்லீரல் டெஸ்டும் எடு. அவர்கள் கொடுத்த பி1 வைட்டமின் மாத்திரையை, உடம்பு தேறிவிட்டது என்று நீயாக நிறுத்தாதே. மாவையும் சர்க்கரையையும் உடம்பு எரிக்க அது வேண்டும், குடி அதைத்தான் வற்றவைத்துவிடுகிறது.

மறப்பதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன். ஜீரணத்துக்கு நல்லது என்று உன் மாமனார் ஆயுர்வேத அரிஷ்டம் வாங்கித் தரப்போகிறாராம். மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடு. அரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்வது, அதில் ஆல்கஹால் உண்டு. அவருக்கு அது தெரியாது. இருமல் மருந்து வாங்கினாலும் பாட்டில் மேல் ஒட்டியிருக்கிற சீட்டில் ஆல்கஹால் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

ராத்திரி தூக்கம் கெட்டு, இனிப்பும் அடக்காமல், மனசு அந்தப் பக்கமே இழுத்தால் எனக்குப் போன் பண்ணு. இரண்டு மணியானாலும் எடுப்பேன். என்னிடம் பேசக் கூச்சமாக இருந்தால் டெலி மானஸ் என்று அரசாங்கத்தின் மனநல உதவி போன் ஒன்று இருக்கிறது, 14416. தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ஓசூர் வருகிறாள். மாவு ஐந்து கிலோ. காலையில்தான் அரைத்தது, சூடு ஆறாமல் கட்டிவிட்டார்கள். வந்ததும் பேப்பரில் கொட்டி ஆறவைத்து டப்பாவில் போடு. மஞ்சள் பையில் மல்கோவா நாலு இருக்கும். நாளுக்கு ஒன்று, மூன்று பேரும் அறுத்துச் சாப்பிடுங்கள், ஜூஸ் போடாதீர்கள். ஒன்று மட்டும் கொஞ்சம் காயாக இருக்கிறது. அதை அரிசி டப்பாவில் வைத்து, காம்புப் பக்கம் வாசம் வந்ததும் எடு.

உன்
அப்பா