காளவாயில் எது ஒடுங்கியது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை உங்கள் மாணவர் இணைப்பில், பிளஸ் ஒன் வேதியியல் மாதிரி வினா விடையில் இப்படி ஒரு வரி: “சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கும்போது ஆக்சிஜன் நீங்குவதால் இது ஒடுக்க வினை.” கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தேன். அப்படியேதான் இருந்தது.

ஆக்சிஜனேற்ற எண் என்று ஒன்று இருப்பது தாங்கள் அறியாததல்ல. ஓர் அணு எத்தனை எலக்ட்ரானை இழந்ததாக அல்லது பெற்றதாகக் கொள்கிறோம் என்பதைக் காட்டும் எண் அது; ஏறினால் ஆக்சிஜனேற்றம், இறங்கினால் ஒடுக்கம். சுண்ணாம்புக்கல்லான கால்சியம் கார்பனேட்டில் கால்சியம் +2, கார்பன் +4, ஆக்சிஜன் ஒவ்வொன்றும் -2. சுட்ட பிறகு கால்சியம் ஆக்சைடிலும் கால்சியம் +2தான், வெளியேறும் கார்பன் டை ஆக்சைடிலும் கார்பன் +4தான். ஆக்சிஜனும் மாறவில்லை. எந்த எண்ணும் மாறாத வினையில் எது ஒடுங்கியது? இது வெறும் சிதைவு வினை.

என் அம்மையின் அப்பா கடற்கரைப் பக்கம் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு விற்றவர். சிப்பியும் அதே கால்சியம் கார்பனேட்தான். அந்தக் காளவாயின் அனலில் நின்றவன் நான். அங்கே ரெடாக்ஸ், அதாவது ஏற்றமும் ஒடுக்கமும் சேர்ந்த வினை நடந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது சிப்பியில் அல்ல, சிப்பியை வேகவைத்த சிரட்டைக் கரியில்! கரி எரியும்போது கார்பன் சுழியிலிருந்து +4க்கு ஏறுகிறது, காற்றிலுள்ள ஆக்சிஜன் சுழியிலிருந்து -2க்கு இறங்குகிறது. உங்கள் இணைப்பு கரியை விட்டுவிட்டுச் சிப்பியைப் பிடித்துக்கொண்டது.

ஆக்சிஜன் வந்தால் ஏற்றம், போனால் ஒடுக்கம் என்ற பழைய சூத்திரத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? எங்கள் ஊரில் ரப்பருக்கு மருந்தடிப்பவர்களைக் கேளுங்கள். துரிசும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கலந்து போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்து தயாரானதும் இரும்புக் கத்தி ஒன்றை முக்கிப் பார்ப்பார்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். அந்தக் கத்தியில் இரும்பு சுழியிலிருந்து +2க்குப் போகிறது, துரிசிலுள்ள காப்பர் +2லிருந்து சுழிக்கு வருகிறது. அசல் ரெடாக்ஸ், இதில் ஆக்சிஜனுக்கு வேலையே இல்லை. துரிசும் சுண்ணாம்பும் சேர்வதிலோ காப்பர் +2ஆகவே இருக்கிறது. அது ரெடாக்ஸ் இல்லை.

போன வருஷமும் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஆக்சிஜனுக்கு -2 என்று போட்டீர்கள். -1 என்று கார்டு எழுதினேன். பதில் இல்லை. அந்த வாரம் நுங்கின் குளிர்ச்சி பற்றிய கடிதத்துக்கு மட்டும் இடம் இருந்தது. சரி, நுங்கும் முக்கியம்தான். அதற்கும் முன்னால் பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டத்தைப் பெருஞ்சாணி அணைக்கும் பெருஞ்சாணியினுடையதைப் பேச்சிப்பாறைக்கும் போட்டீர்கள். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கிய காலம் போய் இப்போது கால் பக்கம். அதிலும் பாதி சூரிய உதயப் படம். சூரியன் தினமும்தான் உதிக்கிறது, ஐயா.

இத்தனைக்கும் நான் பேசாமல்தான் இருந்திருப்பேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை வகுப்புத் தேர்வில் உங்கள் விடையை அப்படியே எழுதி, இரண்டு மார்க் போய், பேப்பரை எடுத்துக்கொண்டு என்னிடம் சண்டைக்கு வந்தாள். “சாரே, பேப்பர்லயே போட்டிருக்காவ, நீங்களும் இல்லைன்னு சொல்லுதியளே?” முப்பத்தோரு வருஷம் பாடம் நடத்தியவனின் பேச்சு அச்செழுத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை இணைப்பில் ஒரு திருத்தம் போடுங்கள். மனை விற்பனை விளம்பரத்துக்குக் கீழே வேண்டாம், அதே பக்கத்தில், அதே அகலத்தில் இருக்கட்டும். அந்தப் பிள்ளை உங்கள் விடையை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். அதன் மேல் ஒட்ட ஒரு துண்டு வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்