சந்திக் காணி

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள மகனுக்கு,

நானும் அம்மாவும் நலம். மாங்குளம் காணியை விற்பது பற்றி நான் பதில் சொல்லாததால்தான் நீ தொலைபேசி எடுப்பதில்லை என்று அம்மா சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதற்கும் அவசரப்படாதே.

"அந்தக் காட்டுக்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். சந்தி இருக்கிறது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியிலிருந்து கிழக்கே ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கும், மேற்கே துணுக்காய் வழியாக வெள்ளாங்குளத்துக்கும் அங்கேதான் பாதை பிரிகிறது. காடும் குளங்களுமான வன்னியில் ஆட்லறிப் பீரங்கிகளையும் கனரக வாகனங்களையும் வேறு எந்த வழியால் கொண்டுபோவது? 1990 நவம்பரில் அங்கிருந்த இராணுவ முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை திறப்பதற்கென்று 1997 மே 13இல் 'ஜெயசிக்குறு' நடவடிக்கையைத் தொடங்கிய இராணுவம், வவுனியாவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தூரத்திலுள்ள மாங்குளத்தைப் பிடிக்க 1998 செப்டெம்பர் முடிவாகிவிட்டது. அதே நாட்களில், அதே வீதியில் வடக்கே உள்ள கிளிநொச்சி புலிகளின் கைக்குப் போனதால் சந்தி கிடைத்தும் பாதை திறக்கவில்லை. 1999 நவம்பரில் புலிகள் அதைத் திரும்பப் பிடித்தார்கள். 2008 நவம்பரில் மறுபடியும் இராணுவம். பெரியப்பா எத்தனை முறை மூட்டை கட்டினார், எத்தனை முறை அந்தக் கிணற்றை இறைத்துவிட்டுக் குடியேறினார் என்பது உனக்குத் தெரியும்.

இப்போது காணியைக் கேட்டு வருகிறவர், யாழ்ப்பாண பஸ்கள் நின்று போக வசதியான இடம், சாப்பாட்டுக் கடை போடலாம் என்கிறார். இரண்டு படைகளும் எதற்காக அடிபட்டனவோ, அதற்குத்தான் அவரும் விலை பேசுகிறார். கனடாவில் நெடுஞ்சாலை வடிவமைக்கும் பொறியியலாளன் என்று உன்னைப் பற்றி இந்த ஒழுங்கை முழுவதும் நான் சொல்லித் திரிகிறேன். நான்கு பக்கமும் வீதி போகும் ஓரிடத்தின் பெறுமதியை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்துகொண்டும் முதலில் வருகிற விலைக்கே கொடுத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். இந்த வயதில் அப்படி எழுதுகிற ஆள் நீ இல்லை.

ஆகவே அவசரப்படாதே. காணி உறுதி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பெரியப்பாவின் பிள்ளைகளைக் கேட்காமல் அதில் நான் கையெழுத்து வைக்கமாட்டேன். எனது நிலையான வைப்பு அடுத்த மாதம் முதிர்கிறது, எங்களுக்கு இங்கே அதில் பெரிய தேவை ஒன்றும் இல்லை. உன் வங்கிக் கணக்கு இலக்கத்தை அனுப்பி வை. காரணம் எழுத விருப்பமில்லை என்றால் இலக்கம் மட்டும் போதும், அம்மாவிடமும் நான் சொல்லப்போவதில்லை.

அன்புடன்,
அப்பா