வேன் வேண்டாம், வசந்தி

அன்புள்ள வசந்தி,

உன் மெயில் போன வாரமே வந்துவிட்டது, பதில் எழுத உட்கார்ந்தால் வீட்டில் ஏதாவது ஒரு வேலை வந்து நிற்கிறது. இங்கே சம்பா அறுப்பு முடிந்து, அறுப்புக்கு முன்னால் தூவிய உளுந்து நல்லபடியாகப் பூத்திருக்கிறது. தைக் கடைசியில் ஒரு மழை வந்து வயிற்றைக் கலக்கியது, நல்லவேளை ஒரே நாளில் தண்ணீர் வடிந்துவிட்டது. இவர் காலையும் மாலையும் வரப்பில்தான் நிற்கிறார். அத்தைக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் நீங்கள் நாலு பேரும் யாழ்ப்பாணம் போகப்போகிறீர்கள் என்று சொன்னதிலிருந்து வலியை மறந்துவிட்டு அந்த ஊர்க் கதையாகவே பேசிக்கொண்டிருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் காரை நாகப்பட்டினம் வரை ஓட்டிக்கொண்டு வந்து கப்பலில் ஏற்றிவிடலாமா என்று கேட்டிருந்தாய். முடியாதுடி. அந்தக் கப்பலில் ஆட்கள் மட்டும்தான் போகலாம், வண்டி ஏறாது. காரை இங்கே எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போகலாம், அதில் ஒரு சிரமமும் இல்லை. ஆனால் கோயம்புத்தூரிலிருந்து அவ்வளவு தூரம் அண்ணன் ஓட்டிவந்து, மறுநாள் விடியற்காலையில் துறைமுகத்தில் போய் நிற்பது எதற்கு? ஜன் சதாப்தி ரயிலில் ஏறினால் மதியத்துக்குள் தஞ்சாவூர், அங்கிருந்து நாகப்பட்டினத்துக்கு பஸ். சாயங்காலம் இங்கே வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்துவிடலாம்.

அடுத்ததாக, கப்பல் போய்ச் சேருகிற காங்கேசன்துறையில் இறங்கியதுமே ஐந்து நாளைக்கு ஒரு வேன் பேசிவிடலாம் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும்தான் இந்தக் கடிதத்தை நீளமாக எழுத வேண்டும் என்று தோன்றியது. நீ பார்க்க ஆசைப்படுவது என்ன? நயினாதீவு, நெடுந்தீவு, ஊர்காவற்றுறை, காரைநகர், எல்லாம் யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுப்பக்கம். இதில் முதல் இரண்டுக்கும் படகில்தான் போக முடியும். பண்ணைப் பாலத்தைத் தாண்டி வேலணை, புங்குடுதீவு வரைக்கும் கடலுக்கு நடுவே ரோடு போட்டிருக்கிறார்கள், அந்த ரோடு குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிந்துவிடும். வேன் அங்கே நிற்கும், நீங்கள் படகில் போவீர்கள், திரும்பி வருகிற வரைக்கும் அந்த டிரைவர் வெயிலில் உட்கார்ந்திருப்பார், அதற்கும் சேர்த்து நீ பணம் கொடுப்பாய். நாங்கள் போனபோது இதைக் கண்ணாலேயே பார்த்தோம். துறையில் ஏழெட்டு வேன் வரிசையாக நிற்கிறது, நாங்கள் வந்த பஸ்ஸும் அதே இடத்தில்தான் எங்களை இறக்கிவிட்டது.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776 என்று போட்டிருக்கும், குறிகட்டுவான் போகிற பஸ். அரசாங்க பஸ் சிவப்பு நிறம், இ.போ.ச. (இலங்கை போக்குவரத்துச் சபை) என்று எழுதியிருக்கும். தனியார் மினிபஸ்ஸும் உண்டு. காலையில் சீக்கிரம் போனால் உட்கார இடம் கிடைக்கும். வேனுக்கு ஒரு நாளைக்குக் கேட்கிற பணத்தில் நாலு பேரும் ஐந்து நாளும் பஸ்ஸிலும் படகிலுமே சுற்றிவிடலாம், ஆனால் நான் காசுக்காக மட்டும் சொல்லவில்லை. அத்தை ஏறியதும் கண்டக்டர் ஒரு பையனை எழுப்பி, "அம்மாவை முன்னுக்கு இருத்துங்கோ" என்று ஜன்னலோரம் இடம் வாங்கிக் கொடுத்தார். பக்கத்தில் நயினாதீவுக்காரப் பாட்டி ஒருவர். நாங்கள் நாகப்பட்டினம் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. அவருடைய அப்பா தோணியில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் வந்து போனவராம், சின்ன வயதில் அங்கேயிருந்து வாங்கி வந்த ஒரு பித்தளைக் குடம் இன்னும் வீட்டில் இருக்கிறதாம். அத்தையும் அவரும் கையைப் பிடித்துக்கொண்டு பேசியதில் கடலுக்கு நடுவே போகிற அந்த அழகான ரோட்டை இரண்டு பேருமே பார்க்கவில்லை. வேனில் போயிருந்தால் அந்தப் பாட்டியை நாங்கள் எங்கே பார்த்திருப்போம் வசந்தி?

இப்போது திட்டம் போடுகிற முறையைச் சொல்கிறேன், எனக்கு இதுதான் முக்கியம். நாம் எப்போதும் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்றுதான் முதலில் யோசிப்போம். தீவுக்குப் போகும்போது அப்படி யோசிக்கக் கூடாது. திரும்பி வருகிற படகு எத்தனை மணிக்கு என்று முதலில் கேள், அந்தப் படகை விட்டு இறங்கினால் யாழ்ப்பாணத்துக்கு பஸ் இருக்கிறதா என்று கேள், அப்புறம் அங்கேயிருந்து பின்னாலேயே எண்ணிக்கொண்டு வந்து காலையில் கிளம்புகிற நேரத்தைப் பிடி. நாங்கள் இதைத் தெரியாமல் போய்த்தான் ஒரு நாளை இழந்தோம். நயினாதீவையும் நெடுந்தீவையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், இரண்டுக்கும் ஒரே துறைதானே என்று இவர் சொன்னார், நானும் சரி என்றேன். நயினாதீவில் பூஜை பார்த்து, அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் நெடுந்தீவுப் படகு எப்போதோ போய்விட்டது. நயினாதீவுக்குக் கால் மணி, இருபது நிமிஷம்தான், படகுகள் போவதும் வருவதுமாக இருக்கும். நெடுந்தீவு அப்படியில்லை. ஒரு மணி நேரம் கடலில் போக வேண்டும், காலையில் போகிற படகு பிற்பகலில் திரும்பும், அதை விட்டுவிட்டால் ராத்திரி அங்கேயேதான். இவர் அந்தத் துறையில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது, பாவம், அவர் நெடுந்தீவுக்காகவே வந்தவர். மறுநாள் வேறு வேலையை எல்லாம் விட்டுவிட்டு மறுபடி போனோம்.

அதனால் ஒரு நாளைக்கு ஒரு தீவு. யாழ்ப்பாணத்தில் பஸ் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் அறை எடு, ஐந்து நாளும் அங்கேயே தங்கு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலையாதே. முதல் நாள் காங்கேசன்துறையில் இறங்கி, பாஸ்போர்ட் வேலையெல்லாம் முடிந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்ததும் அம்மாவைப் படுக்கச் சொல். சாயங்காலம் நல்லூர் முருகன் கோயிலுக்கு மட்டும் போய் வாருங்கள். அண்ணனும் தம்பியும் அங்கே சட்டையைக் கழற்ற வேண்டும், முன்பே சொல்லிவிடு.

படகைப் பற்றி அம்மாவுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நயினாதீவுப் படகில் பலகைப் படியில் கால் வைத்து உள்ளே இறங்க வேண்டும், கூரை தாழ்வாக இருக்கும், தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார வேண்டும். துறைக்கும் படகுக்கும் நடுவே தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்தால்தான் கால் நடுங்கும். படகுக்காரர் கையை நீட்டுவார். அத்தை சொன்னது இது: அவர் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் பார்க்க வேண்டும், படகு மேலே எழும்புகிற நேரத்தில் காலை வைத்துவிட வேண்டும். முட்டிவலியோடு அவர் இரண்டு நாளில் நாலு தடவை ஏறி இறங்கினார். உள்ளே டீசல் வாடை அடிக்கும். வாந்தி வருகிறவர்கள் நடுவில் உட்காருவது நல்லது. லைஃப் ஜாக்கெட் கொடுப்பார்கள், வேர்க்கிறது என்று தம்பி கழற்றினால் விடாதே.

நயினாதீவில் நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் அருகருகே இருக்கின்றன. நம் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து மணிமேகலையைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார்களே மணிபல்லவம், அமுதசுரபி கிடைத்த இடம், அது இந்தத் தீவுதான் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை அத்தையிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் அன்னதான மண்டபத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பௌர்ணமியன்று மட்டும் போகாதே, அங்கே அதைப் போயா என்பார்கள், விடுமுறை, தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருவார்கள், படகுக்கு நிற்பதிலேயே பொழுது போய்விடும்.

நெடுந்தீவில் இறங்கியதும் துறையிலேயே ஓட்டோ பேசிக்கொள்ளலாம், நம் ஊர் ஆட்டோதான், அவர்கள் ஓட்டோ என்கிறார்கள். பேசும்போதே பிற்பகல் படகுக்கு அரை மணிக்கு முன்னால் துறையில் விட வேண்டும் என்று சொல்லிவிடு. வீட்டு வேலிக்குப் பதிலாக பவளக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மதில் கட்டியிருக்கிறார்கள், சாந்து கிடையாது. நான் ஒரு மதிலில் கையை வைத்துப் பார்த்தேன், கல் முழுக்கத் தேன்கூடு மாதிரி துளை, வெயிலில் சூடேறிக் கிடந்தது, அந்த இடுக்கிலேயே ஒரு ஓணான் உட்கார்ந்திருந்தது. அந்நியர் காலத்தில் கொண்டுவந்த குதிரைகளின் வம்சம் இன்னும் வெட்டவெளியில் காட்டுக்குதிரையாக மேய்கிறது. ஒரு பெருக்கமரம் இருக்கிறது, ஆப்பிரிக்கா பக்கத்து மரமாம், அடிப்பகுதியில் உள்ளே ஆள் நுழைகிற அளவுக்குப் பொந்து. தண்ணீர் பாட்டில் நிறைய எடுத்துக்கொண்டு போ, நிழல் குறைவு.

ஊர்காவற்றுறைக்கு தனியாக ஒரு நாள் வை. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் போய், அங்கேயிருந்து காரைநகருக்கு நடுவில் இருக்கிற கடலை ஒரு மிதவையில் தாண்டலாம், அதற்கு அந்த ஊரில் பாதை என்று பெயர். "பாதை எப்ப வரும்?" என்று அவர்கள் கேட்டபோது எனக்கு முதலில் புரியவே இல்லை. அந்தப் பக்கம் ஏறினால் காரைநகர், கசூரினா கடற்கரை, அங்கேயிருந்து வேறு வழியில் பஸ் பிடித்து யாழ்ப்பாணம். போன வழியிலேயே திரும்ப வேண்டியதில்லை.

இன்னும் சில. சித்திரை ஒன்றை ஒட்டி வைக்காதே. அங்கேயும் அன்றைக்குத்தான் புதுவருஷம், எல்லோரும் ஊருக்குப் போவார்கள், முதல் நாள்வரை கூட்டம், அன்றைக்கு பஸ்ஸே குறைந்துவிடும். தம்பிக்குப் பரீட்சை முடிந்து சித்திரை நடுவில் கிளம்பினால் சரியாக இருக்கும். வைகாசிக்குத் தள்ளினால் தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று ஏறிவிடும், நெடுந்தீவுக் கடல் அம்மாவுக்கு ஒத்துவராது. ஐப்பசி, கார்த்திகை பேச்சே வேண்டாம், அந்த மழையில் நாகப்பட்டினம் கப்பலே நின்றுவிடும். 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் மழை வருகிறது என்று சில நாளிலேயே நின்று, மறுபடி 2024 ஆகஸ்டில்தான் ஓடியது, ஞாபகம் இருக்கிறதா? அதனால் திரும்புகிற கப்பலுக்கு முந்தின நாளை ஒன்றும் இல்லாமல் விட்டு வை. ஏதாவது ஒரு நாள் படகு ஓடாவிட்டால் அந்தத் தீவை அந்த நாளுக்குத் தள்ளிக்கொள்ளலாம், எல்லாம் ஓடினால் யாழ்ப்பாண நூலகத்தையும் கோட்டையையும் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள்.

விசாவுக்கு இணையத்தில் ஈ.டி.ஏ. என்கிற பயண அனுமதியை முன்பே எடுத்துவிடு. சில்லறை நோட்டு நிறைய மாற்றிக்கொள், கண்டக்டரிடம் பெரிய நோட்டை நீட்டினால் அவருக்கும் கஷ்டம். ரயிலில் அநுராதபுரம் வரைக்கும் போகலாமா என்று தம்பி கேட்டிருந்தான். போகலாம், ஆனால் அதற்கு இன்னும் இரண்டு நாள் வேண்டும், இந்தத் தடவை தீவுகளோடு நிறுத்திக்கொள்ளச் சொல்.

நாலு பேர் பாஸ்போர்ட்டிலும் ஆறு மாசத்துக்கு மேல் தவணை இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பார், முக்கியமாக அம்மாவுடையது. தேதி முடிவானதும் எழுது. அத்தை அந்த நயினாதீவுப் பாட்டிக்குக் கொடுக்க ஒரு புடவையும் கொஞ்சம் வறுத்த உளுந்தும் கட்டி வைத்திருக்கிறார், கோயில் தெற்கு வீதியில் கேட்டால் வீட்டைக் காட்டுவார்களாம், பையில் அதற்கு இடம் விட்டு வை.

அன்புடன்,
கலா