பெரியவங்க சாவை எண்ணும்போது வயசையும் சேர்த்து எண்ணுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல வயசானவங்க இப்ப முன்னைவிட அதிகமா சாகுறாங்கன்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, அதப் படிச்சதுல இருந்து மனசே சரியில்ல. முப்பது வருஷத்துக்கு முன்னாடி அறுபது வயசு தாண்டினவங்கள்ல எத்தன பேர் ஒரு வருஷத்துல இறந்தாங்க, இப்ப எத்தன பேர் இறக்குறாங்கன்னு ரெண்டு நம்பரப் பக்கத்துல பக்கத்துல வச்சு, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிடுச்சு, மாத்திரையும் இந்தக் காலத்து சாப்பாடும்தான் காரணம்னு முடிச்சிருக்காரு எழுதினவரு. இது மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடுற வேலை. நான் இருபது வருஷத்துக்கு மேல ஒரு பதிவு ஆபீஸ்ல இறப்பு ரெஜிஸ்டர் எழுதினவ, அதனால இத அப்படியே விட்டுட முடியல.

முதல்ல கேக்க வேண்டியது ஒண்ணுதான். அன்னைக்கு அறுபது தாண்டினவங்க மொத்தம் எத்தன பேர் இருந்தாங்க, இன்னைக்கு எத்தன பேர் இருக்காங்க? அந்தக் கணக்கே கட்டுரைல இல்ல. ஆளுங்க ரெண்டு மடங்கானா சாவும் கூடத்தான் செய்யும், அதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல.

சரி, ஆயிரம் பேருக்கு இத்தன பேர்னு விகிதமா போட்டா சரியாயிடுமான்னா, அதுவும் பாதிக் கிணறு தாண்டின மாதிரிதான். ஜப்பான எடுத்துக்கங்க. 1980 வாக்குல அங்க ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு சுமார் 6 பேர் இறந்தாங்க, 2022ல அது 12க்கு மேல போயிடுச்சு. இத மட்டும் பாத்தா ஜப்பான்ல என்னமோ பெரிய கொள்ளை நோய் வந்துடுச்சுன்னுதான் தோணும். ஆனா அதே காலத்துல அந்த ஊர் பெண்களோட சராசரி ஆயுள் 79 பக்கத்துல இருந்து 87க்கு ஏறிடுச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மை, ஏன்னா அங்க வயசானவங்க பங்கு அவ்வளவு கூடிடுச்சு.

அறுபது வயசுக்கு மேலன்னு ஒரே கூடைல போடுறதுலதான் பெரிய தப்பே இருக்கு. அறுபத்தி ரெண்டும் தொண்ணூறும் ஒண்ணா? பெஞ்சமின் காம்பர்ட்ஸ்னு இங்கிலாந்து கணக்காளர் ஒருத்தர் 1825லயே இத எழுதி வச்சிருக்காரு, பெரியவங்களுக்கு வயசு ஏற ஏற சாவோட ஆபத்து கூட்டல்ல இல்ல, பெருக்கல்ல ஏறுதுன்னு. தோராயமா எட்டு வருஷத்துக்கு ஒரு தடவ ரெட்டிப்பாகுது. அப்படின்னா எழுபது வயசுக்காரருக்கு இருக்கறதவிட எண்பத்தாறு வயசுக்காரருக்கு ஆபத்து நாலு மடங்கு. அதனால கூடைக்குள்ள தொண்ணூறு வயசுக்காரங்க கொஞ்சம் கூடினாலே மொத்த விகிதம் எகிறிடும், யாருக்கும் எந்தக் கெடுதலும் நடக்காமலேயே.

புரியறதுக்காக நானே ஒரு சின்ன கணக்கு போடுறேன், இது சும்மா வச்சுக்கிட்ட நம்பர்தான். ஒரு ஊர்ல 65லேருந்து 74 வரைக்கும் 1000 பேர், அதுல 20 பேர் சாகுறாங்க. 85 தாண்டினவங்க 100 பேர், அதுல 15 பேர். மொத்தம் 1100 பேர்ல 35, அதாவது ஆயிரத்துக்கு 32. இருபது வருஷம் கழிச்சு, சின்ன வயசு கோஷ்டி அதே 1000 பேர்தான், ஆனா 15 பேர்தான் சாகுறாங்க. 85 தாண்டினவங்க இப்ப 400 பேர், 48 பேர் சாகுறாங்க, நூத்துக்கு 15ஆ இருந்தது 12ஆ குறைஞ்சிடுச்சு. ரெண்டு கோஷ்டிலயும் குறைஞ்சிருக்கு இல்லையா, இப்ப மொத்தத்தப் போட்டுப் பாருங்க, 1400 பேர்ல 63, ஆயிரத்துக்கு 45! எல்லாருக்கும் நல்லது நடந்திருக்கு, ஆனா நம்பர் 32லேருந்து 45க்கு ஏறி நிக்குது. இத வச்சு ஒருத்தர் கட்டுரை எழுதினா எவ்வளவு பேர் பயப்படுவாங்க.

இதுக்கு வழியும் கண்டுபிடிச்சு ரொம்ப காலம் ஆச்சு. எந்த வயசுல எத்தன பேர்ங்கறது ரெண்டு வருஷத்துக்கும் ஒரே மாதிரி இருந்ததா வச்சுக்கிட்டு விகிதத்தத் திருப்பிப் போடணும், வயசு சீராக்கின இறப்பு விகிதம்னு சொல்வாங்க. என் கணக்குல பழைய 1000, 100 பேரையே ரெண்டு தடவையும் வச்சா ரெண்டாவது வருஷம் 15ம் 12ம் சேர்ந்து 27, ஆயிரத்துக்கு 25 கூட வரல. 32லேருந்து ஏறல, இறங்கியிருக்கு. இப்படித்தான் நாடுகள ஒப்பிடுறாங்க, காலத்தயும் ஒப்பிடுறாங்க.

இன்னொண்ணு, நான் கண்ணால பாத்தது. பழைய ரெஜிஸ்டர புரட்டினா வயசு எழுதற கட்டத்துல 70, 75, 80ன்னே பக்கம் பக்கமா இருக்கும், 73, 77 எல்லாம் அபூர்வமாத்தான் வரும். ஒரு தடவ ஒரு அம்மா தன் மாமியார் இறந்தத பதிய வந்தாங்க. வயசு என்னம்மான்னு கேட்டேன், எண்பது இருக்கும்னாங்க. கூட வந்த மகன் இல்ல எண்பத்தஞ்சுன்னாரு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க, அப்புறம் எண்பதே போடுங்கன்னுட்டாங்க, நான் பேனாவ கைல வச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன், அந்தம்மா கண்ணுல தண்ணி, அந்த நேரத்துல பேப்பர் கொண்டு வாங்கன்னு சொல்ல மனசு வரல, எண்பதுன்னே எழுதினேன். இப்படி எழுதின எண்பதுகள் ஆயிரக்கணக்குல இருக்கு. பிறப்புப் பதிவு சரியா இல்லாத காலத்து ஆளுங்க வயச ஏத்தியும் சொல்லுவாங்க. ஆளோட எண்ணிக்கை ஒரு கணக்குலேருந்தும் சாவு எண்ணிக்கை இன்னொரு கணக்குலேருந்தும் வந்து ரெண்டுலயும் வயசு வேற வேற மாதிரி பதிவாகி இருந்தா விகிதம் எப்படி சரியா வரும்? அதோட முன்னாடி வீட்டுல நடந்த சாவு நிறைய பதிவாகாமலே போயிருக்கும், இப்ப சர்டிபிகேட் இல்லாம ஒரு வேலையும் நடக்காதுங்கறதால பதிவு கூடியிருக்கு. பதிவு கூடினதயே சாவு கூடினதா நெனச்சிடக் கூடாது.

அந்தக் காலத்து ஆளுங்க கட்டை கல்லு மாதிரி இருந்தாங்கன்னு ஒரு வரி வருது கட்டுரைல. அன்னைக்கு எண்பதத் தொட்டவங்க சின்ன வயசுலயே அம்மை, காலரா, காசநோய், பிரசவம்னு எல்லாத்தயும் தாண்டி வந்த கொஞ்சம் பேர், அவங்க திடமாத்தான் இருந்திருப்பாங்க. இன்னைக்கு அந்த அளவு திடம் இல்லாதவங்களும் எண்பது வரைக்கும் வந்துடுறாங்க. அப்படியிருந்தும் நல்ல கணக்கு வச்சிருக்கற நாடுகள்ல எண்பது வயசுக்காரங்களோட இறப்பு விகிதம் 1950க்கு அப்புறம் நல்லா குறைஞ்சிருக்கு. பிரஷர் மாத்திரை, ஹார்ட் அட்டாக்குக்கும் பக்கவாதத்துக்கும் வந்த சிகிச்சை, சிகரெட் குறைஞ்சது, இதெல்லாம்தான் காரணம். உங்க கட்டுரை எந்த மாத்திரை மேல பழி போடுதோ அதுல சிலதுதான் இவங்கள இத்தன வருஷம் உக்கார வச்சிருக்கு, கட்டுரையப் படிச்சுட்டு யாராவது ஒரு பெரியவர் பிரஷர் மாத்திரைய நிறுத்திட்டா என்ன பண்றது? எனக்கு அந்த பயம்தான்.

இன்னொரு பக்கமும் சொல்லணும், பெரியவங்க சாவு எப்பவும் குறைஞ்சுக்கிட்டேதான் போகும்னு நான் சொல்ல வரல. சரியா ஒப்பிட்டாத்தான் நெஜமாவே கூடினத பிடிக்க முடியும். 2003 ஆகஸ்ட்ல ஐரோப்பால அடிச்ச வெயில்ல பிரான்ஸ்ல மட்டும் வழக்கத்தவிட சுமார் 15,000 பேர் கூடுதலா இறந்தாங்க, அதுல பெரும்பாலானவங்க 75 வயசு தாண்டினவங்க. ராத்திரிலயும் சூடு இறங்கல, நிறைய பேர் தனியா வீட்டுக்குள்ளயே கிடந்து போயிருக்காங்க. ஒவ்வொரு சாவையும் தனியா பாத்தா வயசானவர், இதயம் நின்னுடுச்சு, அவ்வளவுதான்னு தோணும். முந்தைய வருஷங்களோட ஆகஸ்ட் கணக்க பக்கத்துல வச்சப்பதான் எவ்வளவு பெரிய சாவுன்னு முழுசா தெரிஞ்சுது. எப்படியும் கொஞ்ச நாள்ல போக வேண்டியவங்கதானேன்னு அப்பவும் சில பேர் சொன்னாங்க, ஆனா அது உண்மையா இருந்தா அடுத்த மாசங்கள்ல சாவு அந்த அளவுக்கு குறைஞ்சிருக்கணும், குறையல. அவங்க இன்னும் இருந்திருக்க வேண்டியவங்க. அதுக்கப்புறம் 2004ல வெயில் திட்டம்னு ஒண்ணு கொண்டு வந்து, தனியா இருக்கற பெரியவங்க பேர நகராட்சிலயே பதிஞ்சு வச்சு வெயில் நாள்ல விசாரிக்க ஏற்பாடு பண்ணாங்க. 2006ல திரும்ப வெயில் அடிச்சப்ப, எதிர்பார்த்தத விட சாவு குறைவா இருந்துச்சு.

பழுத்த இலை உதிரத்தானே செய்யும்னு சொல்லிட்டு போற பழக்கம் நம்மகிட்ட ரொம்ப இருக்கு. எண்பது வயசுல ஒருத்தர் போனா ஏன் எதுக்குன்னு யாரும் கேக்கறதில்ல. அதனாலதான் இந்தக் கணக்கு எனக்கு இவ்வளவு முக்கியமா படுது.

அடுத்த தடவ இந்த விஷயம் போடும்போது அஞ்சஞ்சு வயசா பிரிச்சு ஒரு டேபிள் போடுங்க, 85க்கு மேலன்னு முடிச்சுடாம 90, 95 வரைக்கும் காட்டுங்க, ஆணையும் பெண்ணையும் தனித்தனியா போடுங்க. ஒரே ஒரு வருஷத்த எடுக்காம அஞ்சு வருஷ சராசரி எடுங்க, ஏன்னா காய்ச்சல் பரவின வருஷமோ 2020, 2021 மாதிரி கொரோனா வருஷமோ மாட்டிக்கிட்டா எல்லாமே தலைகீழா தெரியும். அந்த டேபிள்ல எந்த வயசுல நெஜமாவே கூடியிருக்கோ அத பெருசா தலைப்புலயே போடுங்க, நானே நாலு பேருக்கு வாங்கிக் குடுப்பேன்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகி ஒருத்தி